பாட்டை மாற்றுவது இசையமைப்பாளரா, நம்ம விரலா? 3 நிமிட இசைத்தட்டு முதல் ஏஐ குரல் வரை

ஒரு சின்ன சோதனை. இந்த வாரம் உங்க போனில் அதிகமாக ஓடிய ஒரு பாட்டை நினைச்சுக்கோங்க. பல்லவி உடனே வாய்க்கு வந்துவிடும். இரண்டாவது சரணம் வருமா? பாட்டை எழுதியது யார்? நடுவில் வரும் அந்தப் புல்லாங்குழலை வாசித்தது யார்?

இதே கேள்வியை 40 வருஷத்துக்கு முன்னால் ஒரு ரேடியோ ரசிகரிடம் கேட்டிருந்தால், படம், இசை, பாடலாசிரியர், பாடியவர்கள் என்று ஒரே மூச்சில் ஒப்பித்திருப்பார். அவருக்கு நம்மைவிட ஞாபகசக்தி அதிகம் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாலும் அறிவிப்பாளர் அந்தப் பெயர்களை அவர் காதில் போட்டுக்கொண்டே இருந்தார், அவ்வளவுதான்.

பாட்டு எப்படி நம்ம காதுக்கு வருகிறதோ, அதைப் பொறுத்தே பாட்டின் நீளம், அமைப்பு, சத்தம் எல்லாம் மாறுகிறது. யாருடைய பெயர் நிற்கும், யாருக்குக் காசு போகும் என்பதும் அதைப் பொறுத்தே முடிவாகிறது. இசைத்தட்டு காலத்தில் இருந்து இதுதான் நடக்கிறது. இப்போது என்ன புதுசு என்றால், நம்ம விரல் தள்ளும் ஒவ்வொரு 'ஸ்கிப்'பும் கணக்கில் ஏறுகிறது.

இது எப்படி நடந்தது, இதில் நமக்கு என்ன பங்கு? விரிவாகப் பார்ப்போம்.

பாட்டு ஏன் 3 நிமிடம், 4 நிமிடம்?

மேடையில் ஒரு ராகத்தை ஒரு மணி நேரம் பாடலாம். தெருக்கூத்தில் ஒரு பாட்டு விடிய விடியக்கூட நீளும். அப்படியிருக்க, சினிமா பாட்டு மட்டும் ஏன் சில நிமிடங்களில் முடிகிறது?

காரணம் ஒரு தட்டு. பழைய கிராமபோன் இசைத்தட்டு நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும். 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் 3 நிமிடம்தான் பதிவு செய்ய முடியும். அதற்குள் பாட்டு முடிந்தாக வேண்டும்.

1902-ல் கல்கத்தாவில் கிராமபோன் கம்பெனிக்காக ஃபிரெட் கைஸ்பெர்க் பதிவு செய்தபோது, கௌஹர் ஜான் என்ற பாடகி இந்தக் கட்டுப்பாட்டுக்குள் பாடிக் காட்டினார். விரிவாகப் பாட வேண்டிய இசையை மூன்று நிமிடத்துக்குள் சுருக்கினார். பாட்டு முடிந்ததும் தன் பெயரை ஆங்கிலத்தில் சத்தமாகச் சொன்னார். தட்டு ஜெர்மனியில் அச்சாகும்போது, அது யாருடைய குரல் என்று அங்கே வேலை செய்பவர்களுக்குத் தெரிய வேண்டுமே!

இந்தியாவில் பதிவான இசையின் தொடக்கத்திலேயே இரண்டு விஷயம் இருந்தது. ஒன்று, கருவிக்கு ஏற்றபடி பாட்டு சுருங்கியது. இன்னொன்று, பாடியவர் தன் பெயர் தொலைந்துவிடக் கூடாது என்று பார்த்துக்கொண்டார். 120 வருஷம் கழித்தும் பிரச்சினை இந்த இரண்டில்தான் நிற்கிறது.

திரையில் ஒருவர், குரல் இன்னொருவர்

தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' 1931-ல் வந்தது. அந்தக் காலத்துப் படங்களில் நடிப்பவர்தான் பாட வேண்டும். பாடத் தெரிந்தால்தான் கதாநாயகன். எம்.கே.தியாகராஜ பாகவதர், பி.யு.சின்னப்பா, கே.பி.சுந்தராம்பாள் எல்லாம் அப்படி வந்த நட்சத்திரங்கள்தான். ஒரே படத்தில் சில டஜன் பாட்டுகள் இருப்பது அப்போது சாதாரணம்.

பிறகு பாட்டைத் தனியாகப் பதிவு செய்து, நடிகர் அதற்கு வாயசைக்கும் முறை வந்தது. ஏவி.மெய்யப்ப செட்டியாரின் 'நந்தகுமார்' (1938) படத்தை தமிழில் பின்னணிக் குரலின் தொடக்கமாகத் திரை வரலாற்றில் குறிப்பிடுவார்கள்.

இது பெரிய மாற்றம். இனி பாடத் தெரியாதவரும் நாயகனாகலாம், முகம் தெரியாதவரும் பாட்டால் புகழ் பெறலாம். ஆனால் ஆரம்பத்தில் ஒரு சிக்கல் இருந்தது. குரலுக்குச் சொந்தக்காரர் யார் என்பதே பலருக்குத் தெரியவில்லை.

1949-ல் வந்த 'மஹல்' என்ற இந்திப் படம் இதற்கு நல்ல உதாரணம். அதில் ஒரு பாட்டு நாடு முழுக்க ஹிட். இசைத்தட்டில் பாடியவர் பெயர் 'காமினி' என்று இருந்தது. அது படத்தில் மதுபாலா நடித்த பாத்திரத்தின் பெயர்! உண்மையில் பாடியவர் லதா மங்கேஷ்கர். "பாடியது யார்?" என்று ரசிகர்கள் வானொலிக்கு எழுதிக் கேட்க ஆரம்பித்த பிறகுதான் அவர் பெயர் வெளியே வந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த மாற்றத்தைத் தொடங்கி வைத்தது ரசிகர்களின் கடிதங்கள் என்பதுதான்.

ரேடியோ சொல்லிக் கொடுத்த பெயர்கள்

1952-ல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி.கேஸ்கர், சினிமா பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று நினைத்தார். அவர் காலத்தில் அகில இந்திய வானொலியில் சினிமா பாட்டு கிட்டத்தட்ட காணாமல் போனது.

ரசிகர்கள் என்ன செய்தார்கள்? ரேடியோ முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போனார்கள். கொழும்பில் இருந்து வந்த இந்தி ஒலிபரப்பை வட இந்தியா கேட்டது, தமிழ் ஒலிபரப்பைத் தமிழ்நாடு கேட்டது. மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது போன்ற அறிவிப்பாளர்களின் குரல் தமிழக வீடுகளில் சொந்தக்காரர் குரல் போல ஆனது. கூட்டம் கையை விட்டுப் போவதைப் பார்த்த இந்திய அரசு, 1957 அக்டோபரில் விவித் பாரதியைத் தொடங்கி சினிமா பாட்டைத் திரும்ப அழைத்துக்கொண்டது.

ரேடியோ காலத்தில் கேட்பது என்பது காத்திருப்பது. பிடித்த பாட்டு எப்போது வரும் என்று தெரியாது. வந்தால் முதல் நொடியில் இருந்து கடைசி நொடி வரை கேட்டாக வேண்டும், மறுபடி எப்போது வருமோ! போஸ்ட் கார்டு எழுதிப் போட்டு, நேயர் விருப்பத்தில் தங்கள் பெயர் வருமா என்று குடும்பமே உட்கார்ந்திருக்கும்.

டீக்கடை ரேடியோவும், கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கரும் பாட்டை ஊருக்கே பொதுவாக்கின. பிடிக்காத பாட்டையும் கேட்க வேண்டியிருந்தது. பத்தாவது தடவை கேட்கும்போது அதுவும் பிடித்துப் போனது. இன்று நமக்கு 'எவர்கிரீன்' ஆகிவிட்ட பாட்டுகளில் சில அப்படி மெல்ல மனசுக்குள் போனவைதான்.

எல்லோரும் ஒரே அறையில்

அந்தப் பாட்டுகள் எப்படிப் பதிவாகின? கோடம்பாக்கம், வடபழனி பக்கம் இருந்த ஸ்டூடியோக்களில் வயலின் வரிசை, தபேலா, புல்லாங்குழல், கிட்டார், கோரஸ், பாடகர் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் கூடுவார்கள். பலமுறை ஒத்திகை, பிறகு டேக். ஒருவர் தவறினால் எல்லோரும் முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

1976-ல் 'அன்னக்கிளி' மூலம் அறிமுகமான இளையராஜா, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் என்ன வாசிக்க வேண்டும் என்று நோட்ஸ் எழுதிக் கொடுத்து வேலை வாங்கினார். பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் வரும் இடையிசை அவர் பாட்டுகளில் தனிக் கதையே சொல்லும். கேட்பவர் நடுவில் எழுந்து போக மாட்டார் என்ற நம்பிக்கை இருந்தால்தான் இப்படி இசையமைக்க முடியும்.

80-களில் கேசட் வந்தது. 'ரெக்கார்டிங் சென்டர்' கடையில் பிடித்த பாட்டுகளின் பட்டியலை எழுதிக் கொடுத்தால், ஒரு கேசட்டில் பதிந்து தருவார்கள். இன்றைய 'பிளேலிஸ்ட்'டுக்கு அதுதான் தாத்தா. காசு கடைக்காரருக்குப் போனது, பாட்டைச் செய்தவர்களுக்குப் போகவில்லை. ஆனாலும் ஒரு பாட்டைத் தாண்டி அடுத்ததுக்குப் போக டேப்பை ஓட்ட வேண்டும், சரியான இடத்தில் நிறுத்த வேண்டும். அந்தச் சோம்பேறித்தனம் பல பாட்டுகளைக் காப்பாற்றியது என்றே சொல்லலாம்.

1992-ல் 'ரோஜா' வந்தபோது வேலை செய்யும் முறையே மாறியது. ஏ.ஆர்.ரஹ்மான் தன் பஞ்சதன் ஸ்டூடியோவில் ஒவ்வொரு குரலையும் ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியாகப் பதிவு செய்து, கணினியில் அடுக்கி, பிறகு பாட்டைச் செதுக்கினார். பாடியவரும் வாசித்தவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவே வேண்டியதில்லை. புதுப் புது சத்தங்கள் கிடைத்தன. புதியவர்களுக்குக் கதவு திறந்தது. சிறிய அறையில், குறைந்த செலவில், யாரும் பாட்டு செய்யலாம் என்ற இன்றைய நிலைக்கு வழி போட்டதும் இந்த முறைதான்.

இன்னொரு பக்கமும் உண்டு. 20 வயலின் வாசித்த இடத்தில் ஒரு கீபோர்டு போதும் என்றானபோது, அந்த 20 பேருக்கு அழைப்பு குறைந்தது. வாத்தியக் கலைஞர்களுக்காக சென்னையில் சங்கம் உருவாகக் காரணமாக இருந்தவர்களில் முக்கியமானவர் இசையமைப்பாளர் எம்.பி.சீனிவாசன். வாசித்த நாளுக்கான சம்பளம் உறுதியாகக் கிடைக்க வேண்டும் என்பதே அப்போது பெரிய போராட்டம். அந்தப் பாட்டு அடுத்த 50 வருஷத்துக்கு ஓடினால், அதில் வாசித்தவருக்கு என்ன கிடைக்கும்? பெரும்பாலும் எதுவும் இல்லை.

முதல் 30 விநாடி ஏன் முக்கியம்?

2011 நவம்பரில் 'ஒய் திஸ் கொலவெறி டி' யூடியூபில் வெளியானது. படம் வருவதற்கு முன்பே பாட்டு உலகம் சுற்றியது. 2020 நவம்பரில் 'ரவுடி பேபி' யூடியூபில் 100 கோடி பார்வைகளைத் தாண்டியது. "எத்தனை நாள் ஓடியது?" என்ற கேள்வி, "எத்தனை வியூஸ்?" என்று மாறியது.

இதோடு ஸ்ட்ரீமிங் செயலிகள் வந்தன. ஸ்பாட்டிஃபை 2019-ல் இந்தியாவுக்கு வந்தது. இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு பாட்டை 30 விநாடியாவது கேட்டால்தான் அந்தத் தளத்தில் அது 'ஒரு ஸ்ட்ரீம்'. 29-வது விநாடியில் தள்ளிவிட்டால் கணக்கில் வராது, காசும் கிடையாது.

இப்போது இசையமைப்பாளர் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். ஒரு நிமிடம் வயலின் மட்டும் ஒலிக்கும் முன்னிசையை வைக்கத் துணிச்சல் வருமா?

அமெரிக்காவில் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் 1986 முதல் 2015 வரையிலான முன்னணிப் பாட்டுகளை அளந்து பார்த்தார். 80-களின் நடுவில் பாடகர் குரல் வருவதற்கு முன் சராசரியாக 20 விநாடிக்கு மேல் இசை இருந்தது. 2015-ல் அது சுமார் 5 விநாடி ஆகிவிட்டது. 2017-ல் வெளியான இந்த ஆய்வு அமெரிக்கப் பாட்டுகளைப் பற்றியது. ஆனால் நம்ம ஊரில் இந்த வருஷம் வந்த பாட்டுகளில் ஐந்தை எடுத்து, கடிகாரம் வைத்துக் கேட்டுப் பாருங்க. உங்களுக்கே ஒரு விடை கிடைக்கும்.

2020 ஜூன் மாதக் கடைசியில் டிக்டாக் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வந்தது. இப்போது பாட்டுக்குள் ஒரு 15 விநாடித் துண்டு தனியாக நிற்க வேண்டும். ஆடுவதற்கு ஒரு 'ஹூக் ஸ்டெப்', சொல்வதற்கு ஒரு வரி. மீதிப் பாட்டு அந்தத் துண்டுக்கு உறை மாதிரி ஆகிவிடும் ஆபத்து இருக்கிறது.

கருவியின் பங்கும் சாதாரணமானதல்ல. போன் ஸ்பீக்கரில் தாழ்ந்த ஒலிகள் சரியாகக் கேட்காது. பேஸ் கிட்டாரும், தபேலாவில் இடக்கை வாசிக்கும் பாயாவும் பாதி காணாமல் போகும். அதனால் ஒலிக்கலவை செய்பவர்கள் பாட்டை முடித்ததும் போனில் போட்டும் சரிபார்க்கிறார்கள். பெரிய ஸ்பீக்கருக்காகச் செய்த பழைய பாட்டை போனில் மட்டுமே கேட்டவருக்கு, அந்தப் பாட்டின் ஒரு பகுதி இன்னும் தெரியாது.

நாம் கட்டும் சந்தா யாருக்குப் போகிறது?

'ஒரு தடவை கேட்டால் இத்தனை பைசா' என்று நிலையான விலை இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். பெரிய தளங்களில் அப்படி இல்லை. சந்தா, விளம்பரம் மூலம் வரும் பணம் ஒரே தொகுப்பில் சேரும். அதில் உரிமையாளர்களுக்கான பங்கை, மொத்த ஸ்ட்ரீமில் யாருக்கு எத்தனை சதவீதம் என்று பார்த்துப் பிரிப்பார்கள்.

உதாரணத்துக்கு, நீங்கள் மாதம் 100 ரூபாய் கட்டி, வடசென்னையைச் சேர்ந்த ஒரு கானா பாடகரை மட்டுமே கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் 100 ரூபாய் அவருக்கு நேராகப் போகாது. அது தொகுப்பில் விழும். அந்த மாதம் நாடு முழுக்க அதிகம் ஓடிய பாட்டுகளுக்கே பெரும்பகுதி போகும்.

'கேட்பவரின் காசு அவர் கேட்ட கலைஞருக்கே போகட்டும்' என்று ஒரு மாற்று முறை இருக்கிறது. சவுண்ட்கிளவுட் தளம் 2021-ல் அதைச் சில கலைஞர்களுக்குத் தொடங்கியது. ஆனால் பெரும்பாலான இடங்களில் பழைய தொகுப்பு முறைதான். அதோடு, 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீமாவது பெற்றால்தான் காசு. சின்னச் சின்னக் கலைஞர்களுக்கு இது உறுத்தலான விதி.

சட்டம் என்ன சொல்கிறது? இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ல் வந்தது. படத்தில் வரும் பாட்டுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், தயாரிப்பாளரே உரிமையாளர் என்ற நிலைதான் நீண்ட காலம் இருந்தது. 1977-ல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ஒருமுறை சம்பளம், அதோடு சரி.

2012-ல் சட்டம் திருத்தப்பட்டது. மாநிலங்களவை உறுப்பினராக இருந்த பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் இதற்காகத் தொடர்ந்து குரல் கொடுத்தார். திருத்தத்தின் சாரம் இதுதான்: தியேட்டரில் படத்தோடு ஓடுவது தவிர, வேறு எந்த வழியில் பாட்டு பயன்பட்டாலும், அதை எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டியில் சமபங்கு உண்டு. அந்த உரிமையை அவர்களே எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும்தான் மாற்ற முடியும். பாடகர்களின் உரிமைக்காகத் தனிச் சங்கமும் அதற்கடுத்த வருஷம் உருவானது.

2017-ல் எஸ்.பி.பாலசுப்ரமணியத்தின் வெளிநாட்டுக் கச்சேரிகள் தொடர்பாக இளையராஜா தரப்பு நோட்டீஸ் அனுப்பியபோது, "பாடினவர் பாடக் கூடாதா?" என்று ரசிகர்கள் கொதித்தார்கள். நண்பர்களுக்குள் சண்டை என்று அதைப் பார்த்தவர்களே அதிகம். ஆனால் அதற்குள் இருந்த கேள்வி பெரியது. ஒரு பாட்டில் மெட்டு ஒருவருடையது, வரி ஒருவருடையது, குரல் ஒருவருடையது, பதிவு இன்னொருவருடையது. 'பாட்டு யாருடையது?' என்ற கேள்விக்கு ஒரே ஒரு பெயரைச் சொல்ல முடியாது.

பெயர் போனால் என்ன போகும்?

2021 மார்ச்சில் வெளியான 'எஞ்சாயி எஞ்சாமி' சினிமாவுக்கு வெளியே பிறந்து உலகம் முழுக்கப் போன தமிழ்ப் பாட்டு. அறிவு எழுதிப் பாடினார், தீ பாடினார், சந்தோஷ் நாராயணன் தயாரித்தார். நிலமில்லாமல் உழைத்த முன்னோர்களின் நினைவு அந்தப் பாட்டில் இருக்கிறது.

அதே வருஷம் ஆகஸ்ட்டில் ஓர் இசைப் பத்திரிகையின் இந்தியப் பதிப்பு இந்தப் பாட்டை முன்வைத்து அட்டைப்படம் போட்டது. அதில் அறிவு இல்லை. இயக்குநர் பா.ரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி எழுப்பினார். சமூக வலைதளங்களில் ரசிகர்கள் தொடர்ந்து கேட்டார்கள். பிறகு அதே பத்திரிகை அறிவின் படத்தோடு டிஜிட்டல் அட்டை வெளியிட்டது.

'மஹல்' படத்தில் நடந்ததும் இதுவும் ஒன்றுதான். பெயர் விடுபட்டது, கேட்டவர்கள் கேள்வி கேட்டார்கள், பெயர் வந்தது. நடுவில் 72 வருஷம் ஓடியிருக்கிறது.

பெயர் என்பது வெறும் மரியாதை விஷயம் என்று நினைக்க வேண்டாம். ராயல்டி பட்டியலில் பெயர் இருந்தால்தான் காசு. அடுத்த வாய்ப்புக்கு அழைக்க வேண்டும் என்றால், இந்தப் பாட்டில் வாசித்தது யார் என்று தெரிந்தால்தான் அழைப்பார்கள். பறை, கானா, ஒப்பாரி போன்ற மரபுகளில் இருந்து சினிமா நிறைய எடுத்திருக்கிறது. அதைக் கற்றுக்கொடுத்த கலைஞர்களின் பெயர் எத்தனை தடவை திரையில் வந்தது? 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறியதும், 2020-ல் 'மார்கழியில் மக்களிசை' தொடங்கியதும் இந்தக் கேள்விக்கான பதில்கள்தான். 'எங்க பாட்டை நாங்களே எங்க பெயரில் பாடுறோம்' என்பதே அதன் பொருள்.

மறைந்தவர் பாடலாமா?

2024 ஜனவரியில் 'லால் சலாம்' படத்தின் 'திமிறி எழுடா' பாட்டு வந்தது. பாடியவர்கள் பட்டியலில் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது பெயர்கள். இருவரும் உயிரோடு இல்லை. ஏஐ மூலம் அவர்கள் குரலை ஏ.ஆர்.ரஹ்மான் கொண்டுவந்திருந்தார். குடும்பத்தினரிடம் அனுமதி வாங்கி, உரிய தொகையும் கொடுத்ததாக அவர் விளக்கம் தந்தார். அதே வருஷம் 'தி கோட்' படத்தில், மறைந்த பவதாரிணியின் குரலை அவர் சகோதரர் யுவன் சங்கர் ராஜா ஏஐ துணையோடு பயன்படுத்தினார். கேட்டவர்களில் பலர் கண்கலங்கினார்கள்.

இன்னொரு பக்கம், எஸ்.பி.பாலசுப்ரமணியத்தின் குரலை அனுமதி இல்லாமல் ஏஐ மூலம் பயன்படுத்தியதாக ஒரு தெலுங்குப் படக் குழுவுக்கு அவரது குடும்பம் சட்ட நோட்டீஸ் அனுப்பியது. 2024 ஜூலையில் பாடகர் அரிஜித் சிங் தொடர்ந்த வழக்கில், அவர் குரலைப் போலி செய்யும் ஏஐ கருவிகளுக்கு எதிராக மும்பை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது.

ஆக, தொழில்நுட்பம் ஒன்றுதான். அனுமதி, காசு, பெயர் என்ற மூன்றும் இருந்தால் அது அஞ்சலி. மூன்றும் இல்லை என்றால் அது திருட்டு. ஆனால் அனுமதி இருந்தாலும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. இந்தப் பாட்டை நான் பாட மாட்டேன் என்று சொல்லும் உரிமை ஒரு பாடகருக்கு இருந்தது. மறைந்த பிறகு அந்த 'மாட்டேன்' யாரிடம் இருக்கும்?

இதோடு, இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் முழுப் பாட்டே செய்து தரும் ஏஐ கருவிகளும் வந்துவிட்டன. தங்கள் பாட்டுகளைக் கேட்காமலே எடுத்து இவற்றுக்குப் பயிற்சி கொடுத்ததாக அமெரிக்காவின் பெரிய இசை நிறுவனங்கள் 2024 ஜூனில் சூனோ, யூடியோ மீது வழக்குப் போட்டன. 2025-ல் அவற்றில் சில நிறுவனங்கள் உடன்பாட்டுக்கு வந்தன. பெரிய நிறுவனங்கள் மேஜையில் உட்கார்ந்து பேசிக்கொள்ளும். அந்தப் பாட்டில் தவில் வாசித்தவருக்கு அந்த மேஜையில் நாற்காலி இருக்கிறதா என்பதுதான் கவலை.

உங்க காதும் இதில் ஒரு பங்குதாரர்

பொதுவில் கேட்ட பாட்டு இப்போது இயர்போனுக்குள் வந்துவிட்டது. அவரவர் காதில் அவரவர் பாட்டு. பஸ் சத்தத்தை மீற வால்யூமைக் கூட்டுகிறோம், இறங்கிய பிறகு குறைக்க மறக்கிறோம்.

12 முதல் 35 வயதுக்குள் இருக்கும் 100 கோடிக்கும் அதிகமானோர், அதிக சத்தத்தில் கேட்கும் பழக்கத்தால் கேட்கும் திறனை இழக்கும் ஆபத்தில் இருப்பதாக உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. அதன் வழிகாட்டுதல்படி 80 டெசிபல் சத்தம் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். இந்த பாதிப்பு வலிக்காமல் வரும், திரும்பிப் போகாது. காதில் 'ங்ஙொய்' என்ற சத்தம் நின்றுகொண்டே இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்க.

சரி, நாம என்ன செய்யலாம்?

பெரிய தியாகம் எதுவும் வேண்டாம். சின்ன விஷயங்கள் போதும்.

1. வாரத்துக்கு ஒரு பாட்டையாவது முதல் நொடியில் இருந்து கடைசி வரை, வேறு வேலை பார்க்காமல் கேளுங்க. பழைய பாட்டானாலும் சரி, புதுப் பாட்டானாலும் சரி. முடிந்தால் நல்ல ஸ்பீக்கரிலோ ஹெட்போனிலோ கேளுங்க.

2. பெயர் பாருங்க. பல செயலிகளில் பாட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்று புள்ளியைத் தொட்டால் எழுதியவர், இசையமைத்தவர், தயாரித்தவர் விவரம் வரும். அதில் பெயர் இல்லை என்றால், பாட்டு வெளியிட்டவர்களிடம் கமென்டில் கேளுங்க. ரசிகர்கள் கேட்டால் பதில் வரும் என்பதற்கு மேலே இரண்டு சாட்சி இருக்கிறது.

3. ரீல்ஸ் போடும்போது செயலியில் இருக்கும் அசல் பாட்டையே சேருங்க. யாரோ வெட்டி ஒட்டிய 'ஒரிஜினல் ஆடியோ'வைப் பயன்படுத்தினால், செய்தவருக்குப் பெயரும் போகாது, காசும் போகாது.

4. சினிமாவுக்கு வெளியே பாடும் ஒரு கலைஞரைப் பிடித்திருந்தால், அவர் நிகழ்ச்சிக்கு டிக்கெட் வாங்கிப் போங்க. உங்க ஒரு மாதச் சந்தாவில் இருந்து அவருக்கு எவ்வளவு போகும் என்பது தெரியாது. டிக்கெட் காசின் பயன் கலைஞருக்கு நெருக்கமாகப் போகும்.

5. ஏஐ குரலில் ஒரு பாட்டு வந்தால் ஷேர் செய்யும் முன் ஒரு கேள்வி: அந்தக் குரலுக்கு உரியவரோ குடும்பமோ சம்மதித்ததாகச் சொல்லியிருக்கிறார்களா? இல்லை என்றால் ஷேர் பட்டனை விட்டுவிடலாம்.

6. வால்யூம் 60 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். நடுநடுவே காதுக்கு ஓய்வு கொடுங்க.

"அந்தக் காலத்துப் பாட்டு மாதிரி வருமா?" என்று பெரியவர்கள் சொல்வதும், "உங்க பாட்டு ஒரே இழுவை" என்று சின்னவர்கள் சொல்வதும் எல்லா வீட்டிலும் நடக்கும் சண்டை. இரண்டு பேரும் கேட்கும் கருவி வேறு, காத்திருந்த நேரம் வேறு. அதனால் பாட்டும் வேறாகத்தான் இருக்கும்.

அடுத்த தடவை ஒரு பாட்டின் 10-வது விநாடியில் விரல் ஸ்கிப் பட்டனுக்குப் போகும்போது ஒரு நிமிஷம் பொறுத்துப் பாருங்க. இரண்டாவது சரணத்துக்கு முன்னால் யாரோ ஒருவர் புல்லாங்குழலோடு காத்துக்கொண்டிருக்கலாம்.